களவா மீன்களும் நீரடி ஒளிப்படமும்

களவா என்பது வெப்பமண்டல, மிதவெப்பக் கடல்களின் பாறைப் பகுதிகளில் பதுங்கி இரைபிடிக்கும் மீன்களின் குடும்பம். அகன்ற வாய், மேல்தாடையை மீறி நீண்ட கீழ்த்தாடை, செவுள்மூடியில் மூன்று தட்டை முட்கள் ஆகியவை இதன் பொது அடையாளங்கள். ஒரு சாணளவே வளரும் சிறுகளவாக்களும் உண்டு; இரண்டு மீட்டரைத் தாண்டி 400 கிலோவை எட்டும் பெருங்களவாவும் (எப்பினெஃபெலஸ் லேன்சியோலேட்டஸ்) உண்டு. ஹீம்ஸ்ட்ராவும் ராண்டலும் 1993-இல் ஐ.நா. உணவு, வேளாண் அமைப்புக்காகத் தொகுத்த பட்டியலில் 159 இனங்கள் இடம்பெற்றன. 2011-இல் வந்த உலகக் களவாக் கையேட்டில் அந்த எண்ணிக்கை 163 ஆயிற்று. இந்த இனங்களில் பல, தோலின் நிறத்தையும் புள்ளிகளையும் கொண்டே பிரித்தறியப்படுகின்றன. ஆனால் களவாவின் நிறமோ மீன் செத்தால் மாறும், சாராயத்தில் ஊறினால் மாறும், உயிரோடு இருக்கும்போதே நொடிகளில் மாறும். ஆகவே மற்ற மீன் குடும்பங்களில் அலங்காரமாக ஒதுக்கப்படும் நீரடி ஒளிப்படம், களவா இயலில் மட்டும் பாடம் செய்த மாதிரிக்கு இணையான சான்றாக நிற்கத் தகும்.

இக்குடும்பத்தின் பெயர் வரலாறு இதற்கு நல்ல சாட்சி. டென்மார்க் அரசர் அனுப்பிய அரேபியப் பயணக் குழுவில் இருந்த பீட்டர் ஃபோர்ஸ்கோல், 1762-63-இல் செங்கடல் மீன்களைத் திரட்டினார். 1763-இல் ஏமனில் காய்ச்சலால் இறந்தார். அவருடைய குறிப்புகளைத் தோழர் கார்ஸ்டன் நீபூர் 1775-இல் அச்சேற்றினார். இன்று முக்குளிப்போர் அன்றாடம் காணும் பவளக்களவா (செஃபலோஃபோலிஸ் மினியாட்டா), பிறைவால் களவா (வேரியோலா லூட்டி), வரிக்களவா (எப்பினெஃபெலஸ் ஃபேசியேட்டஸ்) முதலியவற்றுக்கு அறிவியல் பெயர் வந்தது அந்நூலில்தான். ஃபோர்ஸ்கோலின் மீன்களில் எஞ்சியவை கோபன்ஹேகனில் உள்ளன. செடிகளைப் போல உரித்து அழுத்திக் காகிதத்தில் ஒட்டிய தோல்கள் அவை. அடுத்து பெர்லின் மருத்துவர் மார்க்கஸ் புளோக். அவருக்குத் தரங்கம்பாடியிலிருந்து மீன்களை அனுப்பியவர் அங்கிருந்த மிஷனரி கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான். எப்பினெஃபெலஸ் என்ற பேரினத்தை 1793-இல் நிறுவிய புளோக் 1799-இல் மறைந்தார். ஷ்னைடர் முடித்து 1801-இல் வெளியிட்ட நூலில் தரங்கம்பாடி மீனொன்று மலபாரிக்கஸ் என்ற பெயருடன் வருகிறது. சோழமண்டலக் கடலில் பிடிபட்ட அந்த மீனைப் புளோக் உயிருடன் பார்த்ததில்லை. அதே காலத்தில் பேட்ரிக் ரஸ்ஸல், விசாகப்பட்டினத்தில் உள்ளூர் ஓவியரைக் கொண்டு புதிதாகப் பிடித்த மீன்களை வரையச் செய்து 1803-இல் நூலாக்கினார். அந்தப் படங்களில் களவாக்களும் உண்டு. பெர்லினின் சாராயச் சாடிகளைவிட இந்தக் கடற்கரை ஓவியங்களே உண்மைக்கு அருகில் இருந்தன என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் பின்வந்த நூற்றாண்டின் வகைப்பாடு சாடிகளின் பக்கமே சாய்ந்தது.

அதன் விளைவை மலபாரிக்கஸ், கோயாய்டஸ், டாவினா என்னும் மூன்று பெயர்களின் குழப்பத்தில் காணலாம். ஹாமில்டன் 1822-இல் கங்கை மீன்களைப் பற்றிய நூலில் விவரித்த கோயாய்டஸின் உடலில் செம்மஞ்சள் புள்ளிகள் இருக்கும். மலபாரிக்கஸில் கரும்புள்ளிகளும் ஊடே வெளிறிய திட்டுகளும். கடலிலிருந்து எடுத்த சூட்டோடு பார்த்தால் இரண்டையும் பிரிப்பது கடினமன்று. பாடம் செய்த பிறகு செம்மஞ்சள் மங்கிவிடும், இரண்டும் புள்ளியிட்ட பழுப்பு மீன்களாகிவிடும். இத்துடன் தெளிநீர்ப் பாறைகளில் வாழும் ஃபோர்ஸ்கோலின் டாவினாவும் கலந்தது. ஆசியக் குஞ்சு பொரிப்பகங்களில் வளர்த்த மீனைப் பற்றிய கட்டுரைகள் பல, கோயாய்டஸையே டாவினா என்றும் மலபாரிக்கஸ் என்றும் எழுதிவந்தன. ராண்டலும் ஹீம்ஸ்ட்ராவும் 1991-இல் வெளியிட்ட இந்தோ-பசிபிக் மறுஆய்வே முடிச்சை அவிழ்த்தது. அதற்கு ராண்டல் முப்பது ஆண்டுகளாகச் சேர்த்த வண்ணப்படங்கள் துணைநின்றன. புதிதாகப் பிடித்த மீனின் துடுப்புகளை விரித்து நிறுத்திப் படமெடுக்கும் முறையை அவர் 1961-இலேயே விளக்கியிருந்தார்.

கரையில் எடுத்த படமே போதாதா, கேமராவைக் கடலுக்குள் கொண்டுபோவானேன் என்று கேட்கலாம். கரைக்கு வந்த மீன் தன் நிறங்களில் ஒன்றை மட்டுமே காட்டும் என்பதே விடை. கரீபியன் கடலின் நாசோ களவா பட்டைகளோடும், பட்டையின்றி வெளிறியும், கருத்தும் தோன்றும். முட்டையிடக் கூடும் நாட்களில் முதுகு கருத்து வயிறு வெளுத்து இருநிறமாகும். தோல் செல்களுக்குள் நிறமி குவிவதாலும் பரவுவதாலும் நிகழும் இம்மாற்றங்களை, சந்தைப் பலகையில் கிடக்கும் மீனில் காண முடியாது. ஃபுளோரிடாவின் டிரை டோர்ட்டுகாஸ் தீவுகளில் பாறைமீன்களின் நிறத்தை ஆண்டுக்கணக்காக ஆராய்ந்த வில்லியம் லாங்லி நீருக்குள் கேமராவை எடுத்துச் சென்றது இக்கேள்விகளுக்காகவே. அவரும் சார்லஸ் மார்ட்டினும் 1926-இல் மிதவையில் மக்னீசியப் பொடியை வெடிக்கவைத்து எடுத்த படங்கள், மறுஆண்டு நேஷனல் ஜியாக்ரஃபிக் இதழில் முதல் நீரடி வண்ணப்படங்களாக வெளியாயின. நீரடி வண்ணப்படக்கலை வகைப்பாட்டறிஞர் ஒருவரின் தேவையிலிருந்து பிறந்தது என்பதைக் கேமராக்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

இந்தச் சான்றின் மீது வைக்கத்தக்க வலுவான ஆட்சேபம் ஒளியைப் பற்றியது. ஐந்து மீட்டர் ஆழத்துக்குள்ளேயே சிவப்பொளியின் பெரும்பகுதியை நீர் விழுங்கிவிடும். இருபது மீட்டரில் பவளக்களவா கருஞ்சாம்பல் மீன். அதன் மறைவுக்கு அந்த இருட்டே உதவுகிறது. ஃபிளாஷ் அடித்தவுடன் அது செக்கச்செவேலென்று நீலப்புள்ளிகளோடு எழுகிறது. அந்த ஆழத்தில் எந்த இரையும் அதை இப்படிக் கண்டிருக்காது. பத்திரிகை அட்டைகளில் நாம் காணும் களவா, ஆக, ஓரளவு விளக்கின் படைப்பு. ஆனால் இது படத்தைத் தள்ளிவைக்கக் காரணமாகாது. இனத்தைத் தீர்மானிக்க நிறமி வேண்டும், அதற்கு ஃபிளாஷ். மறைவு எப்படி நிகழ்கிறது என்றறிய இயற்கையொளி. எந்த ஆழத்தில், எந்த ஒளியில் எடுத்தது என்ற குறிப்பு படத்தோடு இருந்தால் இரண்டும் பயன்படும். விளக்குகளைக் கேமராவை விட்டு விலக்கிப் பக்கவாட்டில் பிடிக்கச் சொல்வதும் அழகுக்காக மட்டுமன்று. நீரில் மிதக்கும் துகள்கள் நேரொளியில் வெண்புள்ளிகளாகப் பதியும். புள்ளிகளை எண்ணி இனம் பிரிக்கும் குடும்பத்தில் இல்லாத புள்ளிகள் விழுவது சிறு பிழையன்று. தூரத்தை நீர் மங்கலாக்கிவிடும் என்பதால் அகலக்கோண வில்லையோடு நெருங்கித்தான் எடுக்க வேண்டும். அதற்குக் களவா பெரும்பாலும் இடங்கொடுக்கும். துரத்தினால் மட்டும் பாறையிடுக்கில் மறையும்.

அந்த இணக்கமே அடுத்த ஆட்சேபத்துக்கு இடமளிக்கிறது: மனிதருக்குப் பழகிய மீனின் நடத்தை இயல்பானதா? கூஸ்தோவும் லூயி மாலும் எடுத்த ‘அமைதி உலகம்’ 1956-இல் கான் விழாவின் உயர்ந்த விருதைப் பெற்றது. அதில் செஷல்ஸின் அசம்ப்ஷன் தீவில் இறைச்சித் துண்டுகளால் பழக்கப்பட்ட ஜோஜோ என்னும் களவா கூண்டில் அடைக்கப்படும் வரை படக்குழுவை விடவில்லை. ஆஸ்திரேலியாவின் காட் ஹோலில் உருளைக்களவாக்களும் தீனிக்குப் பழகியவையே. இவற்றின் படங்கள் நடத்தைக்குச் சான்றாகா. ஆனால் பஷாரியும் உடனாய்வாளர்களும் செங்கடலில் பதிவுசெய்து 2006-இல் வெளியிட்டவை அப்படியல்ல: ரோவிங் களவா பெருவிலாங்கின் மறைவிடத்துக்குச் சென்று தலையை ஆட்டி அழைக்கிறது, இரண்டும் சேர்ந்து வேட்டையாடுகின்றன. எந்தச் சாடியும் இதைச் சொல்லியிருக்காது. மரபணு வந்தபின் படம் எதற்கு என்போரும் உள்ளனர். 2007-இல் வந்த மூலக்கூறு ஆய்வுகள் களவாக்களைச் செரானிடேயிலிருந்து பிரித்து எப்பினெஃபெலிடே எனத் தனிக் குடும்பமாக்கின. இக்கட்டுரையும் அவ்வாறே கொள்கிறது. எனினும் மரபணு உறவைச் சொல்லும். பாறையில் இப்போது நிற்பது எது, எத்தனை என்பதைக் கண்ணும் கேமராவுமே சொல்லும். ஃபகராவா பவளத்தீவின் தென்வாயிலில் ஜூன், ஜூலை முழுநிலவையொட்டிக் கூடும் சுமார் 17,000 மறைநிறக் களவாக்களை எண்ணிய லோரான் பலெஸ்தாவின் குழு, அவை முட்டையிடும் கணத்தையும் படமாக்கியது. அப்படம் 2021-இல் ஆண்டின் சிறந்த காட்டுயிர் ஒளிப்பட விருதைப் பெற்றது.

எத்தனை என்ற அக்கேள்வி இன்று அவசரமானது: முட்டையிடக் கூடும் இடங்களைக் குறிவைத்த மீன்பிடிப்பாலும் ஹாங்காங்கை மையமாகக் கொண்ட உயிர்மீன் வணிகத்தாலும் பல இனங்கள் குறைந்துவருகின்றன. நாசோ களவா மிக அருகிவிட்ட இனங்களின் பட்டியலில் உள்ளது. லிட்டில் கேமன் தீவில் 2003-இல் தடை வந்தபின் அது மீண்டுவருகிறது.