கபிலன் எந்தக் கட்சி?

2021 ஜூலையில் பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' ஓடிடியில் வந்த சில நாளிலேயே, ராயபுரத்தின் முன்னாள் எம்.எல்.ஏ. ஜெயக்குமார் ஒரு புகார் சொன்னார்: இது திமுக பிரசாரப் படம், குத்துச்சண்டைக்கு எம்.ஜி.ஆர். செஞ்சதை மறைச்சுட்டாங்க. எங்க மணலி பக்கத்து வாட்ஸ்அப் குரூப்பிலும் ரெண்டு நாள் இதே சண்டைதான். படத்து நாயகன் கபிலன் கற்பனைப் பாத்திரம். ஆனா அவன் எந்தக் கட்சின்னு முடிவு பண்ணாம யாரும் தூங்கப் போகல!

எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. வடசென்னையில் குத்துச்சண்டை ரசிகன் தனியாக ஒரு வீரனைத் தேர்ந்தெடுத்தது குறைவு. சார்பட்டாவா, இடியப்ப நாயக்கர் பரம்பரையா என்பதுதான் முதல் கேள்வி. வாத்தியாரும் ஏரியாவும் சேர்ந்து அதை முன்னாடியே தீர்மானிச்சிருக்கும். வளையத்துக்குள் வருகிற பையன் அந்தப் பரம்பரையின் மானத்தைத் தோளில் சுமந்துதான் வருவான். இப்படி ஏற்கெனவே பக்கம் பிரிஞ்சு நிற்கிற கூட்டத்தில் கட்சி நுழைய ரொம்பக் கஷ்டப்பட வேண்டியதில்லை. சார்பட்டாவின் கித்தேரி முத்து, ஆங்கிலோ இந்தியரான நாட் டெர்ரியை வீழ்த்தியபோது பெரியார் அவருக்கு 'திராவிட வீரன்' என்று பட்டம் கொடுத்தார். ஒரு குத்துச்சண்டை வெற்றி அதோடு ஓர் இனத்தின் வெற்றியாகிவிட்டது. (குத்துச்சண்டை ஆசானும் வாத்தியார், எம்.ஜி.ஆரும் வாத்தியார். சொல்லிலேயே வேலை பாதி முடிஞ்சுபோச்சு.)

ஜெயக்குமார் தன் பக்கத்துக்கு ஆதாரமாகக் காட்டியது 1980. அந்த வருடத் தொடக்கத்தில் முகமது அலி சென்னை வந்தார், நேரு ஸ்டேடியத்தில் கண்காட்சிப் போட்டி, முதல்வர் எம்.ஜி.ஆர். கூடவே இருந்தார். பிப்ரவரி 17ஆம் தேதி அவர் ஆட்சி கலைக்கப்பட்டது. அலி கதை இன்னும் விசித்திரம். 1967இல் வியட்நாம் போருக்குப் போக மாட்டேன் என்று பட்டத்தையே இழந்தவர், இந்தப் பயணத்தின்போதுதான் கார்ட்டர் அரசு கேட்டுக்கொண்டதால், மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணிக்கச் சொல்ல இந்தியாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் பறந்தார். தான்சானியா அதிபர் நியரேரே அவரைச் சந்திக்கவே மறுத்துட்டார். அமெரிக்க அரசை எதிர்த்ததால் கொண்டாடின ஊர், அதே அரசின் தூதராக வந்தவரை வேற மாதிரிதான் பார்க்கும்.

சரி, சென்னையில் அலியோடு மோதினது யார்? குரூப்பில் கேட்டுப் பார்த்தேன், ஒருத்தருக்கும் தெரியல. ஜிம்மி எல்லிஸ். அலியின் ஊரான லூயிவில்லிலேயே பிறந்தவர், அவருடைய நண்பர், பயிற்சித் துணை. அலியிடமிருந்து பறித்த பட்டத்துக்கு உலகக் குத்துச்சண்டைச் சங்கம் நடத்திய போட்டித் தொடரில் ஜெயித்து, 1968 ஏப்ரல் முதல் 1970 பிப்ரவரி வரை அதன் ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்தவர். அலிக்கு எதிராக நின்றவரும் இல்லை, போருக்காகப் பேசியவரும் இல்லை. காலியாகக் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார், அவ்வளவுதான். கையில் பட்டம் இருந்தும், ரசிகர்களில் பலருக்கு உண்மையான சாம்பியன் அலிதான்.

சென்னையில் எடுத்த படங்களில் எல்லாரும் தேடுவது அலியையும் எம்.ஜி.ஆரையும்தான்.