கடல் கடந்தாலும் விடாத வரி

1920-களின் தொடக்கத்தில் ஜார்ஜ் குக் என்ற அமெரிக்கர் மெக்சிகோ சிட்டியில் குடியிருந்தார். பிறப்பால் அமெரிக்கக் குடிமகன். வீடும் வருமானம் தந்த சொத்தும் மெக்சிகோவில். அந்த வருமானத்துக்கு அமெரிக்க அரசு 1,193 டாலர் 38 சென்ட் வரி கேட்டது. முதல் தவணையாக 298 டாலர் 34 சென்டை ஆட்சேபம் தெரிவித்துக் கட்டிய குக், அதைத் திருப்பித் தரும்படி வரி வசூல் அதிகாரி கேலன் டெய்ட் மீது வழக்குத் தொடுத்தார்.

அமெரிக்காவில் வசிக்காதவர், அமெரிக்காவில் ஈட்டாத பணத்துக்கு எதற்காக வரி கட்ட வேண்டும்? 1924 மே 5 அன்று உச்ச நீதிமன்றம் பதில் சொன்னது. குடிமகன் எங்கே இருந்தாலும் அவனுக்கும் அவன் சொத்துக்கும் அரசால் நன்மை உண்டு, ஆகவே வரி விதிக்கும் அதிகாரமும் உண்டு என்று நீதிபதி மெக்கென்னா எழுதினார். குக் தோற்றார். அந்தத் தீர்ப்பு இன்றும் நிற்கிறது.

இந்த வழக்கத்தின் வேர் உள்நாட்டுப் போரில் இருக்கிறது. போர்ச் செலவுக்காக 1861 ஆகஸ்டில் லிங்கன் கையெழுத்திட்ட சட்டம்தான் அமெரிக்காவின் முதல் வருமான வரி. உள்நாட்டில் வசிப்பவர் 800 டாலருக்கு மேற்பட்ட வருமானத்துக்கு 3 சதவீதம் கட்ட வேண்டும். வெளிநாட்டில் வசிக்கும் குடிமகனோ அமெரிக்கச் சொத்திலிருந்து வரும் வருமானத்துக்கு 5 சதவீதம் கட்ட வேண்டும். கட்டாயப் படைச்சேர்ப்புக்கும் போர்ச் சுமைக்கும் தப்பி, பாரிஸில் சொகுசாக வாழும் செல்வர்கள் குறைந்த வரியோடு போய்விடக் கூடாது என்று செனட்டர் ஜேக்கப் காலமர் வாதாடினார். 1864-இல் குடிமக்களின் உலகளாவிய வருமானமே வரிக்குள் வந்தது.

போர் முடிந்தது, 1872-இல் அந்த வரியும் போனது. ஆனால் 1913-இல் வருமான வரி நிரந்தரமாகத் திரும்பியபோது, ஓடிப்போனவர்கள் மீதிருந்த பழைய சந்தேகமும் கூடவே வந்துவிட்டது. மற்ற நாடுகள் பெரும்பாலும் வசிப்பிடத்தைப் பார்த்தே வரி போடுகின்றன. குடியுரிமையை வைத்து வெளிநாட்டு வருமானத்திலும் பங்கு கேட்கும் இன்னொரு நாடாகப் பெரும்பாலும் சொல்லப்படுவது, 2 சதவீதம் வசூலிக்கும் எரித்ரியா.

சலுகைகள் இல்லாமல் இல்லை. வெளிநாட்டில் உழைத்து ஈட்டும் பணத்தில் 2025-ஆம் ஆண்டுக்கு 1,30,000 டாலர் வரை விலக்குப் பெறலாம். அங்கே கட்டிய வரியையும் கழித்துக்கொள்ளலாம். அதனால் பலருக்குக் கடைசியில் கட்ட வேண்டிய தொகை எதுவும் இருக்காது. உண்மையான பாரம் கணக்குக் காட்டுவதில் இருக்கிறது. வெளிநாட்டுக் கணக்குகளில் உள்ள மொத்தத் தொகை ஆண்டில் ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் தனி அறிக்கை கொடுத்தாக வேண்டும்.

ருமேனியாவில் பிறந்து அமெரிக்கக் குடியுரிமை பெற்ற அலெக்ஸாண்ட்ரு பிட்னர், பிறந்த நாட்டுக்குத் திரும்பித் தொழில் செய்தார். ஐந்து ஆண்டுகளின் அறிக்கைகள் தாமதமானதால், 272 கணக்குகளுக்கும் தனித்தனியே அபராதம் போட்டு 27.2 லட்சம் டாலர் கேட்டது வரித்துறை. அபராதம் அறிக்கைக்குத்தான், கணக்குக்கு அல்ல என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. தொகை 50,000 டாலராகச் சுருங்கியது.

2010-இல் வந்த ஃபாட்கா சட்டம் வெளிநாட்டு வங்கிகளையே தகவல் தர வைத்தது. மறுக்கும் வங்கிக்கு அமெரிக்காவிலிருந்து செல்லும் பணத்தில் 30 சதவீதம் பிடித்தம். தொல்லை எதற்கு என்று ஐரோப்பாவில் பல வங்கிகள் அமெரிக்க வாடிக்கையாளர்களைத் தவிர்த்தன. குடியுரிமையைத் துறப்பதும் எளிதாக இருந்ததில்லை. 450 டாலராக இருந்த கட்டணம் 2014-இல் 2,350 டாலர் ஆனது. நியூயார்க்கில் பிறந்து சிறுவயதிலேயே இங்கிலாந்து சென்று, பின்னாளில் பிரிட்டன் பிரதமரான போரிஸ் ஜான்சன்கூட, லண்டன் வீட்டை விற்ற லாபத்துக்கு அமெரிக்க வரியைக் கட்டி, பிறகு 2016-இல் குடியுரிமையைக் கைவிட்டார்.

போர்க்காலத்தில் செல்வர்களைப் பிடிக்க விரித்த வலையில் இன்று ஆசிரியர்களும் ஓய்வூதியர்களும் சிக்கித் தவிப்பது நியாயமல்ல. வசிக்கும் இடத்தை வைத்து வரி என்ற பொது வழிக்கு அமெரிக்காவும் வர வேண்டும்.

அதுவரை, அமெரிக்காவில் பிள்ளை பெற்று ஊர் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஃபாட்கா ஒப்பந்தத்தில் 2015 ஜூலையில் இந்தியாவும் கையெழுத்திட்டிருக்கிறது. பிறப்பால் அமெரிக்கக் குடிமக்களான அந்தப் பிள்ளைகளின் பெயரில் மியூச்சுவல் ஃபண்ட் தொடங்கும் முன், அமெரிக்க வரி விதிகள் தெரிந்த ஆடிட்டர் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள்.