கடல் தந்த கப்பரை: கஷ்கூல் பிறந்த கதை

கையில் எடுத்தால் முதலில் கண்ணில் படுவது அதன் கருமை. கருங்காலியில் குடைந்ததோ என்று தோன்றும். நடுவில் அகன்று இரு முனையும் குவிந்து, கரையேற்றி நிறுத்திய சிறு தோணி போல இருக்கும். முனைகளில் துளையிட்டுச் சங்கிலி கோத்திருப்பார்கள். சங்கிலியைத் தோளில் மாட்டினால் தோணி இடுப்போரம் தொங்கும். தெருவில் நடக்கையில் அதில் விழும் ரொட்டித் துண்டும் ஒரு பிடி சோறும் பேரீச்சம்பழமுமே அன்றைய உணவு.

பாரசீகத்தில் இதன் பெயர் கஷ்கூல். உருதுவில் கஷ்கோல். நம் மொழியில் கப்பரை, திருவோடு. வீடு, உறவு, தொழில் எல்லாவற்றையும் உதறிவிட்டு இறைவனை நாடி நடக்கத் தொடங்கிய சூஃபித் துறவிகள், உதறாமல் வைத்துக்கொண்ட சில பொருள்களில் இதுவும் ஒன்று. வெறும் பிச்சைப் பாத்திரம்தானே என்று கடந்துபோகிறவர்கள் அதன் பூர்வீகத்தைக் கேட்டால் நின்றுவிடுவார்கள். இந்த ஓட்டுக்குப் பிறப்பு இரண்டு. ஒன்று அரசவையில் நடந்தது, மற்றொன்று ஆளில்லாத தீவில்.

முதலில் அரசவை. பழைய ஈரானில் மன்னர்களின் விருந்துகளில் படகு வடிவக் கிண்ணங்களில் மது பரிமாறினார்கள். சாசானியர் காலத்து நீள்வட்ட வெள்ளிக் கிண்ணங்கள் இன்றும் இருக்கின்றன. பாரசீகத்தில் படகுக்கு உள்ள சொல்லே இந்தக் கிண்ணத்துக்கும் பெயரானது. இஸ்லாம் வந்த பிறகும் பாரசீகக் கவிதையில் மதுவும் கிண்ணமும் தங்கிவிட்டன. சூஃபிக் கவிஞர்களின் நாவில் மது இறைக்காதலாயிற்று, கிண்ணம் அதை ஏந்தும் உள்ளமாயிற்று. கவிதையில் நடந்த இந்த மாற்றம் மெல்ல மெல்லப் பாத்திரத்துக்கும் வந்தது. மன்னனின் மதுத்தோணிதான் துறவியின் பிச்சைத்தோணியாக மாறியது என்று கலை வரலாற்றறிஞர் மெலிகியான் சிர்வானி விரிவாக எழுதியிருக்கிறார். 16-ஆம் நூற்றாண்டுப் பித்தளைக் கஷ்கூல்கள் சிலவற்றில் இரு முனையிலும் டிராகன் தலைகள் வாய் பிளந்து நிற்கின்றன. ஏழையின் பாத்திரத்தில் அரசப் படகின் சாயல் அந்தத் தலைகளில் மிஞ்சியிருக்கிறது.

பாத்திரம் இருந்தால் போதுமா? அதை ஏந்தக் கை வேண்டும். அந்தக் கை உருவானது வேறொரு வழியில்.

ஓடேந்தி நடந்த சூஃபித் துறவிகளைப் பக்கீர் என்றும், பாரசீகத்தில் தர்வேஷ் என்றும் சொல்வார்கள். பக்கீர் என்ற சொல் ‘ஃபக்ர்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. ஃபக்ர் என்றால் வறுமை. சூஃபிகள் அதை இன்னும் ஆழமாக எடுத்துக்கொண்டார்கள்: என்னுடையது என்று சொல்ல என்னிடம் ஒன்றுமே இல்லை, நான் என்ற எண்ணமும் இல்லை என்ற நிலை. அந்த நிலைக்குப் பழக்கும் பயிற்சிகளில் ஒன்றாகப் பிச்சை எடுப்பதை வைத்தார்கள். லாகூரில் அடங்கியிருக்கும் 11-ஆம் நூற்றாண்டு ஞானி ஹுஜ்வீரி, ‘கஷ்ஃபுல் மஹ்ஜூப்’ நூலில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். உயர் பதவிக் குடும்பத்தில் பிறந்த ஷிப்லி, பாக்தாதில் சூஃபி குரு ஜுனைதிடம் சீடராக வந்தார். குலப்பெருமை உன் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது, கடைத்தெருவில் போய் எல்லாரிடமும் கையேந்து என்றார் குரு. ஷிப்லி போனார். முதலில் போட்டார்கள், பிறகு குறைந்தது. மூன்று ஆண்டுகள் கழிந்தபோது கடைத்தெரு முழுக்க நடந்தும் ஒருவரும் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உலகத்தின் கண்ணில் உன் விலை என்ன என்று இப்போது தெரிந்ததா, இனி இவர்களோடு உன் மனத்தைக் கட்டி வைக்காதே என்று குரு தெளிவுபடுத்தினார். ஷிப்லி ஏந்தியது வயிற்றுக்காக அன்று. அவருடைய பாத்திரம் வெறுமையாகத் திரும்பிய நாளில்தான் பாடம் முடிந்தது.

இந்தப் பயிற்சியை வாழ்நாள் முழுமைக்கும் எடுத்துக்கொண்டவர்கள் கலந்தர்கள். 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்களின் முன்னோடியான ஈரானின் சாவா நகரத்து ஜமாலுத்தீன், டமாஸ்கஸில் நடந்துகொண்டிருந்த கல்வியையும் மடத்து வாழ்க்கையையும் விட்டுவிட்டுக் கல்லறைத் தோட்டத்தில் போய் உட்கார்ந்தார். தலைமுடி, தாடி, மீசை, புருவம் நான்கையும் மழித்தார். கூட்டம் சேர்ந்தபோது அங்கிருந்தும் கிளம்பி எகிப்தின் தமியாத் நகருக்குப் போனார். ஒரு நூற்றாண்டு கழித்து அங்கே வந்த இப்னு பதூதா, மழித்தலுக்கு ஊரார் சொன்ன காரணத்தை எழுதி வைத்தார். ஜமாலுத்தீன் பேரழகர். அவரை மோகித்த ஒரு பெண் சூழ்ச்சி செய்து வீட்டுக்குள் அடைத்தாள். அவர் தனியிடம் கேட்டுப் போய்ச் சவரக்கத்தியால் தாடியையும் புருவத்தையும் வழித்துக்கொண்டு வந்து நின்றார். பார்த்தவள் அருவருத்து வெளியே தள்ளினாள். எந்த அழகு சிறை வைத்ததோ, அதை எறிந்ததும் கதவு திறந்தது.

ஏறத்தாழ அதே காலத்தில் குராசானில் குத்புத்தீன் ஹைதரின் வழி வந்தவர்கள் கழுத்திலும் கையிலும் இரும்பு வளையம் மாட்டிக்கொண்டு நடந்தார்கள். அவர் அடங்கிய ஊர் இன்றும் தொர்பத்தே ஹைதரியே, அதாவது ஹைதரின் கல்லறை, என்ற பெயரோடு இருக்கிறது. சிந்து மாகாணத்துச் சேவானில் 1274-இல் மறைந்த லால் ஷஹ்பாஸ் கலந்தரின் தர்கா வாசலில் ஒவ்வொரு மாலையும் முரசு அதிர்கிறது. 2017-இல் அங்கே குண்டு வெடித்து ஏராளமானோர் மாண்ட பிறகும் அந்த முரசு ஓயவில்லை.

மணம் செய்யாமல், நாளைக்கென்று சேர்க்காமல் நடந்த இவர்களுக்கு ஏற்ற பாத்திரத்தைக் கடல் செய்து வைத்திருந்தது. அதுதான் இரண்டாவது பிறப்பு.

இந்தியப் பெருங்கடலில் செஷல்ஸ் கூட்டத்தில் பிரலான், கியூரியூஸ் என்று இரண்டு தீவுகள். உலகத்தில் இந்த இரண்டில் மட்டும் இயற்கையாக வளரும் பனையினம் ஒன்று உண்டு. ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. காய் முற்றுவதற்கு ஆறேழு ஆண்டுகள். உள்ளே இருக்கும் விதை, இரண்டு தேங்காய்களை ஒட்ட வைத்தது போல இருக்கும். தாவர உலகின் மிகப் பெரிய விதை இதுதான், 25 கிலோ வரை எடை ஏறும். நாம் கடல் தேங்காய் என்கிறோம்.

பெயர் அப்படியிருந்தாலும் முற்றிய நல்ல காய் கடலில் மிதக்காது. பாரத்தால் மூழ்கிப்போகும். உள்ளே பருப்பு அழுகிக் கரைந்து, ஓடு மட்டும் மிஞ்சிய காய்தான் மேலே வரும். அப்படி வெறுமையானது நீரோட்டத்தின் போக்கில் ஆயிரம் மைலுக்கும் மேல் மிதந்து மாலத்தீவிலும், எப்போதாவது இந்தியா, இலங்கைக் கரைகளிலும் ஒதுங்கியது. செஷல்ஸில் அப்போது மனிதக் குடியிருப்பே இல்லை. மரத்தை ஒருவரும் பார்த்ததில்லை, காய் மட்டும் அலையோடு வந்தது. கடலுக்கு அடியில் ஒரு மரம் நிற்கிறது, அதில் பழுத்து மேலே வருகிறது என்று மக்கள் நம்பினார்கள். கடல் தேங்காய் என்ற பெயர் அந்த நம்பிக்கையின் மிச்சம்.

அதற்கு இருந்த மதிப்பு கொஞ்சநஞ்சமில்லை. நஞ்சு முறிக்கும் என்றார்கள். 1602 முதல் 1607 வரை மாலத்தீவில் சிக்கியிருந்த பிரெஞ்சுக்காரர் பிரான்சுவா பிரார், கரையில் இதைக் கண்டெடுத்தவர் மன்னரிடம் ஒப்படைத்தாக வேண்டும் என்று எழுதுகிறார். யாராவது திடீரென்று பணக்காரரானால் கடல் தேங்காயோ அம்பர் என்ற வாசனைப் பொருளோ கிடைத்திருக்கும் என்று ஊர் பேசுமாம். பேரரசர் இரண்டாம் ருடால்ஃபின் பிராகா அரண்மனையில் 1602-இல் இந்த ஓட்டுக்கு வெள்ளிப்பூணும் பொன்முலாமும் பூட்டிக் கூஜா செய்தார்கள். அது இன்று வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதே காயின் ஓடு ஒரு பக்கம் பேரரசரின் கருவூலத்திலும், மறுபக்கம் ஒட்டுத்துணி போர்த்த தர்வேஷின் தோளிலும் இருந்தது.

1768-இல் பிரெஞ்சுப் பயணக் குழு பிரலான் தீவில் இறங்கியது. மரம் கண்ணில் பட்டது, கடலடி மரக் கதை முடிந்தது. காய்களை ஏராளமாக அள்ளிவந்து இந்தியச் சந்தையில் இறக்க, விலை சரிந்தது. அரசருக்கு மட்டும் எட்டிய பொருள் கைவினைஞருக்கும் எட்டியது. இன்று உலக அருங்காட்சியகங்களில் இருக்கும் நுட்பமான செதுக்கு வேலை கொண்ட தேங்காய்க் கஷ்கூல்கள் பல, 19-ஆம் நூற்றாண்டு ஈரானைச் சேர்ந்தவை. ஈரமும் உப்பும் தின்னாத ஓடு, சீவிச் சீவி மெருகேற்றினால் மையிருட்டாய் மின்னும், உளிக்கும் இசையும். இரட்டைக் காயைப் பிரித்து மேல்புறம் வாய் திறந்தால் பழைய அரசத்தோணியின் அதே உருவம் தானாகவே வந்துவிடும். மன்னர்கள் கொல்லனிடம் சொல்லிச் செய்வித்த வடிவத்தைக் கடல் கைபடாமல் கொடுத்தது. அதன் மேல் திருவசனங்களையும் பாரசீகச் செய்யுள்களையும் கொடிகளையும் செதுக்கினார்கள்.

அதை ஏந்தி நடப்பதற்கும் ஒழுங்கு இருந்தது. பாரசீக தர்வேஷ் வாசலில் நின்று கேட்பதில்லை. இறைவனையும் அலியையும் புகழ்ந்து பாடியபடி தெருவில் நடப்பார். போட்டால் வாங்குவார், போடாவிட்டால் நடையைத் தளர்த்த மாட்டார். கிடைத்ததைக் கூட்டத்துக்குக் கொண்டுவந்து எல்லாரோடும் பகிர்ந்து உண்பார்.

தோணி வடிவம் என்றதும் எனக்குத் திருக்குர்ஆனின் கஹ்ஃபு அத்தியாயம்தான் நினைவுக்கு வருகிறது. மூஸா நபி ஒரு ஞானியுடன் பயணம் போகிறார். அவரை ஹிள்ரு நபி என்பது மரபு. கடலில் பிழைக்கும் ஏழைகளின் படகில் ஏறியதும் அவர் அதைப் பழுதாக்குகிறார். மூஸா நபி பதறுகிறார். காரணம் பிறகு தெரிகிறது. நல்ல படகுகளையெல்லாம் பறிக்கும் அரசன் ஒருவன் பின்னால் வருகிறான், பழுதான படகை அவன் தொடமாட்டான். குறையே அந்த ஏழைகளின் படகைக் காப்பாற்றியது. மழித்த புருவத்தோடு தப்பிய ஜமாலுத்தீனும், அழிந்த பருப்போடு மிதந்த தேங்காயும், இந்தப் படகும் ஒரே குடும்பம் என்றே நான் நினைக்கிறேன்.

பாத்திரத்திலிருந்து சொல்லும் ஊர் சுற்றக் கிளம்பியது. பல வீட்டுச் சோறும் பல வகைக் கறியும் ஒன்றாய்க் கிடப்பதல்லவா கஷ்கூல்? 1621-இல் மறைந்த இஸ்ஃபஹான் பேரறிஞர் ஷேக் பஹாயி, தாம் படித்த கவிதை, கணிதம், கதை, ஞானம் எல்லாவற்றையும் கலந்து தொகுத்த நூலுக்குக் ‘கஷ்கூல்’ என்றே பெயர் வைத்தார். அதன்பின் பலசரக்குத் தொகுப்புகளுக்கு அது பொதுப்பெயரானது. இன்னொரு பயணம் வருத்தம் தருவது. பாகிஸ்தான் அரசியல் மேடைகளில் இன்று கஷ்கோல் என்றால் வெளிநாட்டுக் கடனுக்குக் கையேந்தும் அவமானம், உடைத்தெறிய வேண்டிய பொருள். தானாக விரும்பி ஏந்திய ஓட்டின் கண்ணியம் அந்தப் பேச்சில் காணாமற்போகிறது.

நம் மண்ணுக்கும் இந்தக் கூட்டம் வந்திருக்கிறது. திருச்சியில் அடங்கியிருக்கும் நத்தர் வலி 900 கலந்தர்களோடு வந்தார் என்பது அந்தத் தர்காவின் மரபு. நாகூர் ஷாஹுல் ஹமீது ஆண்டகையோடு 404 பக்கீர்கள் வந்தார்கள் என்று இன்றும் சொல்வார்கள். 1832-இல் ஆங்கிலத்தில் வெளியான ஜாஃபர் ஷரீஃபின் ‘கானூனே இஸ்லாம்’ நூல் தக்காணத்து பக்கீர் கூட்டங்களை வகைவகையாக விவரிக்கிறது. நோன்பு மாதத்தின் பின்னிரவில் தாயிராப் பறை தட்டிப் பாடி, சஹர் உணவுக்கு ஊரை எழுப்பிய பக்கீர் பாவாக்களின் குரலைக் கேட்டு வளர்ந்தவர்கள் நம்மிடையே நிறையப் பேர். கடல் தேங்காயோ நாட்டு மருந்துக்கடையில் துண்டாய்க் கிடைத்தது, சைவத் துறவியின் கையில் திருவோடாகவும் இருந்தது. காவிக்கும் பச்சைக்கும் சோறு வாங்கித் தந்தது ஒரே காய்.

பிரலான் தீவின் வலே த மே காடு 1983 முதல் உலகப் பாரம்பரியக் களம். அரசின் அனுமதிச் சீட்டில்லாமல் ஒரு காயும் செஷல்ஸை விட்டு வெளியேற முடியாது. அந்தக் காட்டில் விழும் முற்றிய காய், விழுந்த இடத்துக்கு அருகிலேயே முளைவிட்டுத் தாய்மரத்தின் நிழலில் மரமாகிறது. கடலில் போனவற்றில் ஒன்றும் எந்தக் கரையிலும் முளைத்ததில்லை. அவற்றுக்குச் சந்ததி கிடையாது, கலந்தர்களுக்கு இல்லாதது போலவே. ஆனாலும் முன்பின் தெரியாத ஊரில், யாரோ ஒரு தாய் தன் பானையிலிருந்து அள்ளிய ஒரு கைப்பிடிச் சோறு விழுவதற்கு அவற்றில் இடம் இருந்தது.