முத்துக்குளித்தோர் பெற்ற பங்கு

தோற்கிடங்குகள் நிறைந்த ஆம்பூர், வேலூர்ப் பக்கங்களில் வாழும் நமக்குக் கடல் நெடுந்தூரத்தது. ஆயினும், சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி நிற்பவன் ஒருவன், தோலை விற்றுப் பொருளீட்டுபவன் மற்றொருவன் என்பதை நாம் நன்கறிவோம். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தோர் சரித்திரமும் அத்தகையதே.

பாண்டியர் துறையாகிய கொற்கையின் முத்தைப் பாடிய புலவர் பலர். அதன்பொருட்டு மூழ்கியவனை நினைந்தோர் சிலரே. கி. பி. முதல் நூற்றாண்டிற் பிறந்த பெரிப்ளூஸ் என்னும் கிரேக்க நூல், அங்கு முத்தெடுக்கத் தண்டனை பெற்ற குற்றவாளிகள் ஏவப்பட்டனர் எனக் கூறுகின்றது. பரதவர்க்கோ அது வழிவழி வந்த தொழில்.

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, எடுத்ததிற் பத்தில் ஒரு கூறு அரசனுக்கும், கொடிய மீன்களை மந்திரத்தாற் கட்டுவோர்க்கு இருபதில் ஒரு கூறும் சென்றதாக எழுதினார். மூழ்கியவர் வணிகரிடம் கூலிபெற்ற ஆட்களே. சுறாவின் வாயைக் கட்டினவனுக்குப் பங்கு. அதன் வாயருகே சென்றவனுக்குக் கூலி! இம்மந்திரக்காரனுக்குக் 'கடல்கட்டி' என்று பெயர். ஆங்கில அதிகாரிகள் மந்திரத்தை நம்பாவிடினும் அவனை விலக்கவில்லை. அவனின்றிக் கடலில் இறங்க ஆட்கள் இசையார்.

வேலையின் இயல்பைச் சிறிது கூறுவேன். முத்துப்பார்கள் பெரும்பாலும் 5 முதல் 10 பாக ஆழத்தில் உள்ளன. கயிற்றிற் கட்டிய கல்லின்மேற் காலூன்றி ஒருவன் விரைந்து இறங்குவான். அடியை அடைந்ததும் கல் மேலே இழுக்கப்படும். ஏறக்குறைய ஒரு நிமிஷத்துக்குள் கைக்கெட்டிய சிப்பிகளைக் கூடையில் வாரிக் கயிற்றை அசைப்பான். படகிலுள்ளோன் தூக்குவான். அவன் மூச்சு வாங்கும் பொழுதில் கூட்டாளி மூழ்குவான். கயிறு பிடிப்பவன் கண்ணயர்ந்தால் கீழுள்ளவன் கதி என்னாம்?

இலங்கையில் ஆங்கிலேயர் நடத்திய சலாபங்களிற் சிப்பிகளை மூன்று கூறிட்டு, இரண்டை அரசாங்கம் எடுத்துக்கொண்டது, ஒன்று குளித்தோர்க்கு. அதிலும் கயிறு பிடித்தவனுக்கும் படகுக்காரனுக்கும் பங்குண்டு. 1905-இல் மரிச்சுக்கட்டியில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அவ்வருவாயைக் கண்டு, 1906-இல் ஒரு கம்பெனி 20 ஆண்டுக் குத்தகை பெற்றது. சிப்பி குத்தகைச் சீட்டுக்குக் கட்டுப்படுமோ? சில ஆண்டுகளிற் பார்கள் வறண்டன, கம்பெனியும் கலைந்தது.

தூத்துக்குடியிற் கடைசிச் சலாபம் 1961-இல் நடந்தது. சங்கு குளித்தல் மட்டும் இன்றும் உண்டு. அவருட் பலர் கல்லை விடுத்துப் படகிலிருந்து குழாய்வழி வரும் காற்றைச் சுவாசித்து நெடுநேரம் அடியில் தங்குகின்றனர். விரைந்து மேலேறுவோர்க்கு மூட்டு நோவும் கைகால் முடக்கமும் நேர்கின்றன.