முற்றத்து மழைமானி

மழையை அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டுமோ? களஞ்சியத்தின் முன்னே ஒரு முழ வாயகலமுள்ள கலத்தை வைத்து மழையை அளக்குமாறு அர்த்தசாஸ்திரம் பணிக்கிறது. விடுதலை பெற்ற இந்தியாவோ எளிய வானிலைக் கருவிகளுக்கும் அயல்நாட்டை நம்பியிருந்தது. 1948-இல் புனே வானிலைத் துறையில் சேர்ந்த அன்னா மணி, ஏறத்தாழ 100 கருவிகளின் வரைபடங்களை ஒழுங்குசெய்து, அவற்றை உள்நாட்டிலேயே செய்ய வழிவகுத்தார்.

2018 நவம்பர் 16-இல் வீசிய கஜா புயலை முத்துப்பேட்டை மறக்கவில்லை. ஆயின், அன்று பெய்த மழையின் அளவு எத்தனை வீடுகளில் எழுதப்பட்டுள்ளது? அடியும் வாயும் ஒரே அகலமுள்ள தகரக் குவளையும் ஓர் அளவுகோலும் போதும். மரமும் கூரையும் மறைக்காத முற்றத்தில் வைத்து, நாள்தோறும் காலை 8.30 மணிக்குத் தேங்கிய நீரின் உயரத்தைக் குறித்து வையுங்கள், அவ்வுயரமே மழையளவு. அந்த ஏடே நாளை நம் ஊரின் மழை வரலாறு.