நிரற்கூறும் பொதியும்

ஜாவாஸ்கிரிப்ட் என்னும் கணினி மொழியைப் பயிலத் தொடங்குவோர், 'மாட்யூல்' என்னும் நிரற்கூற்றையும் 'பேக்கேஜ்' என்னும் பொதியையும் ஒன்றெனக் கருதி மயங்குவதுண்டு. இவ்விரண்டும் தோன்றிய வரலாற்றை அறிந்தால் அம்மயக்கம் நீங்கும்.

1995ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய பிரெண்டன் ஐக், இம்மொழியின் முதல் வடிவத்தை 10 நாட்களில் உருவாக்கினார். வலைப்பக்கங்களில் சிறு பணிகளைச் செய்வதே அன்று அதன் நோக்கம். ஆதலின், நிரலைக் கோப்புகளாகப் பகுத்துக் காக்கும் ஏற்பாடு அதில் இடம்பெறவில்லை. ஒரு பக்கத்தில் ஏற்றப்பட்ட நிரல்கள் யாவும் ஒரே பொதுவெளியில் இயங்கின. ஒரு கோப்பில் இட்ட பெயரை மற்றொரு கோப்பும் இட்டால், பின்னது முன்னதை அழித்துவிடக்கூடும்.

இக்குறையைக் களைய வந்ததே நிரற்கூறு. 2009ஆம் ஆண்டில் காமன்ஜேஎஸ் என்னும் பொதுவிதிகளை வகுக்கும் முயற்சி தொடங்கியது. அதே ஆண்டில் ரயன் டால் வெளியிட்ட நோட்.ஜேஎஸ் அம்முறையை ஏற்றது. கோப்பு ஒவ்வொன்றும் ஒரு கூறாயிற்று. அதனுள் உள்ள பெயர்கள் அதற்கே உரியவை. தான் தர விரும்புவதை மட்டுமே அது வெளியே தரும். 2015ஆம் ஆண்டின் மொழித்தரம் இம்போர்ட், எக்ஸ்போர்ட் என்னும் சொற்களால் இவ்வசதியை மொழியின் இலக்கணத்திலேயே சேர்த்தது.

பொதி பிறந்ததோ வேறொரு தேவையால். ஒருவர் எழுதியதை மற்றவர் பெறுவது எங்ஙனம்? 2010ஆம் ஆண்டில் ஐசக் ஷ்லூட்டர் வெளியிட்ட என்பிஎம் அதற்கு வழி வகுத்தது. பேக்கேஜ்.ஜேசன் என்னும் கோப்பு, பொதியின் பெயர், பதிப்பெண், அது சார்ந்துள்ள பிற பொதிகள் ஆகியவற்றை அறிவிக்கும். நிரற்கூறு ஓர் இயல் எனில், பொதி முகப்பேட்டுடன் வெளியிடப்பெற்ற நூலாகும். ஒரு நூலில் இயல்கள் பல இருக்கலாம். ஓர் இயலே தனி நூலாகவும் வெளிவரலாம்.

இவ்வேறுபாட்டை 2016ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள் நிகழ்ச்சி தெளிவாக உணர்த்தியது. சொல்லின் இடப்புறத்தை நிரப்பும் லெஃப்ட்-பேட் என்னும் பொதியை அதன் ஆசிரியர் பதிவகத்திலிருந்து நீக்கினார். அதனுள் இருந்த நிரல் 11 வரிகளே. ஆயினும், அப்பொதியை நேராகவோ வேறு பொதிகளின் வழியாகவோ சார்ந்திருந்த ஆயிரக்கணக்கான திட்டங்கள் தடைப்பட்டன. சில மணி நேரத்தில் என்பிஎம் அதனை மீட்டளித்தது. பின்னர், பொதிகளை நீக்குவதற்கான விதிகளையும் கடுமையாக்கியது.

அன்று கூற்றில் பிழை நேரவில்லை; அதனைச் சுமந்த பொதியே மறைந்தது. நிரற்கூறு எழுதுபவரின் ஒழுங்கைக் காக்கிறது. பொதி எழுதுபவரையும் பயன்படுத்துபவரையும் பிணைக்கிறது. முன்னதை அமைக்கத் திறமை போதும்; பின்னதை வெளியிடப் பொறுப்பும் வேண்டும்.