காஞ்சனபுரியில் கடைசி நாள்

பள்ளி விடுமுறையில் குடும்பத்துடன் தாய்லாந்து சென்றிருந்தோம். ஐந்து நாள் பயணத்தில் நான்கு நாள்கள் பிள்ளைகளுக்கே உரியனவாயின. அரண்மனை, பொன் வேய்ந்த கோவில்கள், மிதக்கும் சந்தை எனப் பாங்காக் நகரமும் அதன் சுற்றுப்புறமும் அவர்களை மகிழ்வித்தன. ஐந்தாம் நாளை மட்டும், எண்பது வயதைக் கடந்த என் தாயார் தமக்கெனக் கேட்டுப் பெற்றுக்கொண்டார். "சயாமுக்கு வந்துட்டு, எங்கப்பா போன எடத்தப் பாக்காமத் திரும்பக் கூடாதய்யா" என்பதே அவர் வேண்டுகோள். இரவு விமானத்தில் நாடு திரும்ப வேண்டியிருந்ததால், வைகறையிலேயே வேன் ஒன்றை அமர்த்திக்கொண்டு மேற்கே காஞ்சனபுரிக்குப் புறப்பட்டோம்.

என் தாயார் 1942-ஆம் ஆண்டில் பேராக் மாநிலத் தோட்டமொன்றில் பிறந்தவர். அவர் தவழும் பருவத்தில் சயாமுக்குக் கொண்டு செல்லப்பட்ட தந்தை திரும்பி வரவேயில்லை. நிழற்படமும் இல்லாமையால், தந்தையின் முகத்தை அவர் அறியார்.

அம்மனிதர் சென்ற காரணத்தை வரலாறு நன்கறியும். பர்மாவைக் கைப்பற்றிய ஜப்பானியப் படைக்கு, அங்கு உணவும் தளவாடமும் அனுப்ப வழி தேவைப்பட்டது. மலாக்கா நீரிணை வழியான கடற்பாதையில் எதிரிகளின் நீர்மூழ்கிக் கப்பல்கள் அச்சுறுத்தின. ஆகவே சயாமின் நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை, காட்டையும் மலையையும் ஊடறுத்து 415 கிலோமீட்டர் இரயில் பாதை அமைக்க முற்பட்டனர். 1942-இல் தொடங்கிய பணி 1943 அக்டோபரில் முடிந்தது. மலாயாவின் கிழக்குக்கரைப் பாதையிலிருந்து பெயர்த்தெடுத்த தண்டவாளங்களும் அங்குக் கொண்டு செல்லப்பட்டன. தண்டவாளங்களைப் போலவே மனிதர்களும் பெயர்த்தெடுக்கப்பட்டனர்.

போரினால் இரப்பர் ஏற்றுமதி நின்று, தோட்டங்களில் வேலையும் அரிசியும் அற்றுப்போயிருந்த காலம் அது. மூன்று மாத வேலை, நாள் ஒன்றுக்கு ஒரு வெள்ளி சம்பளம் என்ற வாக்குறுதியை நம்பிச் சிலர் சென்றனர். ஆள் போதாதபோது கட்டாயம் தலைதூக்கியது. இலவசப் படம் காட்டுவதாக அழைத்து, கதவுகளை அடைத்து, வந்தவர்களை வண்டியேற்றிய கொடுமையும் நடந்தது. இவ்வாறு மலாயாவிலிருந்து 70,000-க்கும் மேற்பட்டோர் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். பர்மியர், ஜாவானியர் முதலியோரையும் சேர்த்து ஆசியத் தொழிலாளர் இரண்டு இலட்சம் பேர் வரை உழைத்தனர். ஏறத்தாழ 90,000 பேர் மாண்டனர் என மதிப்பிடுவர். போர்க் கைதிகள் 60,000-க்கும் மேற்பட்டோரில் இறந்தோர் 12,000-க்கும் மேல்.

காஞ்சனபுரியில் நாங்கள் முதலில் கண்டது அக்கைதிகளின் கல்லறைத் தோட்டம். ஏறத்தாழ 7,000 கல்லறைகள் பசும்புல் வெளியில் வரிசை வரிசையாக உள்ளன. பிரிட்டானியர், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர் ஆகியோரின் பெயர்கள் அங்குத் துலங்குகின்றன. பலவற்றில் வயதும் உண்டு. "இருபத்திரண்டு, இருபத்து நான்கு" என்று என் மகள் படித்துக்கொண்டே நடந்தாள். தாயார் சற்று நேரம் நின்று பார்த்தார். பிறகு, "இதுல நம்ம ஆளுங்க பேரு எங்கய்யா இருக்கு?" என்று கேட்டார்.

வரலாற்றாசிரியனாகிய நான் விடை கூறக் கடமைப்பட்டவன். கைதிகளிடையே அதிகாரிகள் இருந்தனர்; மருத்துவர்கள் இருந்தனர். காவலர் கண்ணுக்குத் தெரியாமல் அவர்கள் குறிப்பெழுதி வைத்தனர். போர் முடிந்த 1945-இலேயே ஒரு குழு அப்பாதை நெடுகச் சென்று, அவர்களின் புதைகுழிகளைத் தேடிக் குறித்தது. நம்மவர்க்கு அத்தகைய அமைப்பு ஏதும் இல்லை. 1943-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் வாந்திபேதி பரவியபோது, மருந்தும் மருத்துவரும் இன்றிக் கூட்டங்கூட்டமாக மடிந்தனர். உடல்கள் பொதுக்குழிகளில் இடப்பட்டன, எரிக்கப்பட்டன. பெயர் எழுதுவார் இல்லை.

அருகிலுள்ள புத்த ஆலயத்தின் இடுகாட்டில், ஆசியத் தொழிலாளர் பலரின் எச்சங்கள் ஒரே நினைவுச் சின்னத்தின்கீழ் உறங்குகின்றன. பாலத்தின் அருகே, 1944-இல் ஜப்பானியப் படையே எழுப்பிய நினைவுத்தூண் நிற்கிறது. அதைச் சூழ்ந்த பன்மொழிக் கல்வெட்டுகளில் தமிழும் ஒன்று. கொண்டு சென்றவனே கல்லும் நாட்டினான் என்பது வரலாற்றின் கொடிய முரண். காஞ்சனபுரியில் தமிழர்க்கெனத் தமிழ் மரபின்படி நடுகல் எழுந்தது 2024-ஆம் ஆண்டில்தான். நடுகல்லில் வீரனின் பெயர் பொறித்தல் நம் முன்னோர் வழக்கம். ஆயினும் பட்டியலே இல்லாத பல்லாயிரவரின் பெயரை எந்தக் கல்லில் பொறிப்பது?

உலகம் இப்பாதையை அறிந்தது 1957-இல் வெளிவந்த ஆங்கிலத் திரைப்படத்தால்தான். அப்படம் எடுக்கப்பட்டதோ இலங்கையில். கைதிகளின் துயரைப் பேசிய அப்படத்தால் புகழ்பெற்ற பாலத்தில் அன்று நிழற்படம் எடுத்துக்கொண்டவர் நூற்றுக்கணக்கானோர். அவர்களை நான் குறை கூறேன். முப்பது ஆண்டுகளாக வரலாறு கற்பித்தும், இதற்கென ஒரு பாடவேளையை ஒதுக்காதவன் நான். அதனினும் பெரிய குறை, என் தாயாரிடம் ஒரு நாளேனும் அமர்ந்து இதுபற்றிக் கேட்டதில்லை. தாயார் ஆற்றங்கரையில் வெற்றிலை மூன்றை நீரில் விட்டு, தம் தந்தையின் பெயரை மும்முறை சொன்னார். அப்பெயரை அவர் வாய்விட்டுச் சொல்லி அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

கல் செய்யத் தவறியதை ஏடு செய்யலாம். சயாமுக்குச் சென்றோரின் பிள்ளைகள் இன்று எண்பதைக் கடந்த முதியோர். அவர்கள் மறைந்தால் பெயர்களும் மறையும். தமிழ்ப்பள்ளி மாணவர் ஒவ்வொருவரும் வீட்டுப் பெரியோரைக் கேட்டு, சென்றவர் யார், எந்தத் தோட்டத்தவர், திரும்பினாரா என்று எழுதி வரட்டும். அவ்வேடுகளைப் பள்ளி நூலகங்கள் காக்கட்டும்.

அன்றிரவு விமானத்தில் என் மகள் குறிப்பேட்டைத் திறந்து பாட்டியிடம் கேட்டுக் கேட்டு எழுதினாள். பெயர், தந்தை பெயர், தோட்டம், சென்ற ஆண்டு. எங்கள் குடும்பத்தில் அவரைப் பற்றி எழுதப்பட்ட முதல் வரிகள் அவையே. எழுதியதைத் தாயார் வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெல்லப் படித்தார். பெயரில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. அதைத் திருத்தி எழுதச் சொன்னார்.